காற்றுப்பையின் வாய்

அனலைதீவுச் சனம் கேட்டது ஒரு படகு. இருக்கிற படகின் எஞ்சின் நடுக்கடலில் நின்றுவிடுகிறது, இறங்குதுறைப் பலகைகள் உக்கிவிட்டன, ஒரு படகும் நாலு பலகையும் தந்தால் போதும் என்று எழுதிக் கொடுத்தார்கள். வருடக்கணக்காக எழுதிக் கொடுத்தார்கள். அந்தக் கோரிக்கை எங்கெங்கோ போய், ஒவ்வொரு மேசையிலும் கொஞ்சம் வளர்ந்து, கடைசியில் ஒரு விமான ஓடுபாதையாகத் திரும்பி வந்தது.

அதற்கென்றே தீவக ஆகாயத் தொடர்புச் சபை என்று ஒரு சபை உண்டாக்கப்பட்டது. சபைக்கு ஊரில் ஒரு அலுவலகம், அலுவலகத்துக்கு ஒரு இணைப்பதிகாரி. கோபிசங்கர் என்று பெயர். நல்ல மனிதர், யாரைக் கண்டாலும் கதிரையை விட்டு எழும்பி நின்றுதான் கதைப்பார்.

"நீங்கள் படகு கேட்டனீங்கள். படகு தண்ணியிலதான் போகும். சபை உங்களை அதுக்கும் மேல வைச்சுப் பாக்குது," என்று முதல் கூட்டத்தில் சொன்னார். சனம் கைதட்டியது. பலகை என்ன மாதிரி என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார். விமானம் வந்த பிறகு இறங்குதுறைக்கு யார் போகப் போகிறார்கள் என்று கோபிசங்கர் திருப்பிக் கேட்டார். அதற்கும் கைதட்டினார்கள்.

ஓடுபாதைக்கு வேண்டிய தாரும் கல்லும் அந்தப் பழைய படகில்தான் வந்து இறங்கின. எல்லாம் வந்தது, காற்றுப்பை மட்டும் வரவில்லை. கம்பத்தின் உச்சியில் ஒரு வளையத்தில் மாட்டிவிடுகிற நீளமான துணிப்பை அது. காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் வாயைத் திறக்கும்; வால் மற்றப் பக்கம் பறக்கும். விமானி மேலேயிருந்து அதைப் பார்த்துக் காற்றுக்கு எதிராக இறங்குவான். படத்தைக் காட்டி அதைத் தைத்துத் தரும்படி மனோகரியிடம் கேட்டார்கள். ஊரில் தையல் மெசின் வைத்து உழைக்கிறவள் அவள்தான். செம்மஞ்சள் துணியில் இரட்டைத் தையல் போட்டுக் கொடுத்தாள்.

"ஆருக்கு இந்த ஒற்றைக் காற்சட்டை?" என்று கேட்டான் அவளுடைய புருஷன் தயாபரன். புகையிலைத் தோட்டத்திலிருந்து வந்து, கால் கழுவாமல் வாசலில் நின்றான்.

"காற்றுக்கு."

"காற்றுக்கு ஏனப்பா மானம் மறைக்கிறியள்," என்றான் அவன். அந்தப் பகிடி ஊர் முழுக்கப் பரவியது. அதற்குப் பிறகு ஒருவரும் காற்றுப்பை என்று சொல்லவில்லை, காற்சட்டை என்றே சொன்னார்கள்.

திறப்பு விழா சோளகக் காலத்தில் வைக்கப்பட்டது. சோளகம் என்றால் தென்மேற்கிலிருந்து கூரையைப் பிடுங்குகிற மாதிரி அடிக்கும். அன்று காலை மட்டும் ஒரு இலை அசையவில்லை. கோபிசங்கர் கம்பத்தைப் பார்த்தார். பிறகு ஆளனுப்பி மனோகரியைக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, இதென்ன செத்தவீட்டுக் கொடி மாதிரித் தொங்குது?"

"காற்று இல்லை சேர்."

"காற்று இல்லையெண்டு பிரதம விருந்தினருக்குச் சொல்லேலுமோ? அவர் எவ்வளவு தூரத்திலயிருந்து வாறார். விறைப்பா நிக்கிற மாதிரி ஏதும் செய்யும்."

மனோகரி பையின் உட்புறம் நீளத்துக்குப் பட்டி வைத்துத் தைத்து, அதற்குள் பனஞ்சலாகைகளைச் செருகினாள். பை விறைத்து நின்றது. அப்போதுதான் இன்னொரு பிழை தெரிந்தது. விழா மேடை ஓடுபாதையின் தென்மேற்கு முனையில், பனங்கூடலுக்குப் பக்கத்தில் இருந்தது. பையின் வால் மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"வந்த ஆக்களுக்குப் பின்பக்கத்தைக் காட்டுறதோ? வாய் மேடையைப் பாக்க வேணும்," என்றார் கோபிசங்கர்.

காவலாளி நிரோஜன் ஏணியில் ஏறி, பையின் வாயை மேடைப் பக்கம் திருப்பி, வளையம் சுழலாதபடி கம்பத்தோடு சேர்த்துக் கம்பியால் முறுக்கிக் கட்டினான். பிரதம விருந்தினர் பேசும்போது காற்றுப்பையைக் காட்டி, இந்த மக்களின் நிமிர்ந்த நெஞ்சைப் போல அது நிற்கிறது என்றார்.

அடுத்த நாள் மனோகரி சலாகைகளைக் கழற்றப் போனாள். கோபிசங்கர் எழும்பி நின்று மறித்தார்.

"நேற்று அதைத் திறந்து வைச்சாச்செல்லோ. எந்த நிலையில திறந்து வைக்கப்பட்டதோ அந்த நிலையிலதான் நாங்கள் அதைப் பேண வேணும்."

சோளகம் முடியும்வரை காற்றும் சபையின் சொற்படியே நடந்தது. மாதத்தில் ஒருமுறை, இரண்டுமுறை ஒரு சின்ன விமானம் வந்து இறங்கும். அதிலிருந்து சபை ஆட்கள் இறங்கி, ஓடுபாதையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவார்கள். ஊர்ச் சனம் இறங்குதுறையில் உக்கல் பலகைகளை விலக்கிக் கால் வைத்துப் படகேறியது.

ஐப்பசியில் வாடை பிறந்தது. அது வடகிழக்கிலிருந்து வரும் காற்று. ஆடு மாடுகள் முதுகைத் திருப்பிக்கொண்டு படுத்தன. காற்றுப்பை மட்டும் தென்மேற்கைப் பார்த்து வாயைத் திறந்தபடி நின்றது. மனோகரி அலுவலகத்துக்குப் போனாள்.

"சேர், காற்று மாறியிட்டுது. அந்தக் கம்பியை அவிழ்த்து விடுங்கோ."

"காற்று மாறினதா எங்களுக்கு இன்னும் அறிவிக்கப்படேல்லை."

"உங்கட மேசையில கடதாசியெல்லாம் பறக்குது சேர்."

கோபிசங்கர் பறந்த கடதாசிகளைப் பொறுக்கி அடுக்கி, மேலே ஒரு கல்லை வைத்தார். "அதுக்குத்தான் இது," என்றார். மழை தொடங்கியதிலிருந்து விமானம் எதுவும் வராதபடியால் மனோகரியும் அதை விட்டுவிட்டாள்.

அந்தக் கிழமைதான் தயாபரன் புகையிலைச் சிப்பத்தோடு இறங்குதுறையில் கால் வைத்தான். பலகை உடைந்தது. இடது கால் தொடைவரை உள்ளே போய் இரண்டு இடத்தில் முறிந்தது. யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியில் இடுப்பிலிருந்து பாதம்வரை பிளாஸ்ரர் போட்டார்கள். வீட்டுக்குப் போகலாம் என்று சொன்னபோது, அந்தக் காலோடு படகில் ஏற முடியாது என்பது தெரிந்தது.

கோபிசங்கர் தானே மனோகரியின் வீட்டுக்கு வந்தார். "இறங்குதுறையால விழுந்தவரை ஆகாயத்தால கொண்டுவாறம். சபையின்ர முதல் நோயாளிப் பயணி. படம் எடுக்கிறதுக்கு ஆள் வருகுது. அவரைக் கொஞ்சம் சிரிச்சுக்கொண்டு இறங்கச் சொல்லும்."

"சேர், அந்தக் காற்றுப்பை..."

"ஓம் ஓம், அது வடிவா நிக்குது. படத்தில அதுவும் விழும்."

அன்று பின்னேரம் தயாபரன் ஆஸ்பத்திரியிலிருந்து போன் எடுத்தான்.

"இஞ்சரும், நாளைக்கு நான் ஆகாயத்தில வாறன். நீர் கீழ நிண்டு அண்ணாந்து பாரும். இவ்வளவு காலமும் நான் உம்மை அண்ணாந்து பாத்தது காணும்."

"கனக்கக் கதையாதேங்கோ. நோ இருக்கோ?"

"நோ இல்லை. சாரம் கட்டேலாது, அதுதான் வெக்கமாக் கிடக்குது. வெள்ளைக்காரன் மாதிரி ஒரு கால் முழுக்க வெள்ளை."

மனோகரி மெசினுக்கு முன்னால் இருந்துகொண்டு ஒரு சாரத்தின் பக்கவாட்டைப் பிரித்து, முடிச்சுப் போடுகிற மாதிரி நாடா வைத்துத் தைத்தாள். பிளாஸ்ரருக்கு மேலால் சுற்றி முடிந்துவிடலாம். நீலக்கோட்டுச் சாரம். அதை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு மறுநாள் காலை ஓடுபாதைக்குப் போனாள்.

விமானம் கடலுக்கு மேலால் வந்தது. ஒரு சுற்றுச் சுற்றியது. காற்றுப்பையைப் பார்த்திருக்க வேண்டும். வடகிழக்குப் பக்கம் போய்த் திரும்பி, தென்மேற்கை நோக்கி இறங்கத் தொடங்கியது. வாடை அதன் முதுகில் அடித்தது. வேகம் குறையவில்லை. ஓடுபாதை முடிகிற இடத்திலும் சக்கரம் நிலத்தைத் தொடவில்லை. திரும்ப எழும்புவதற்காக மூக்கைத் தூக்கியது. தூக்கின மூக்கு அப்படியே நின்றது. பிறகு இடப்பக்கம் சாய்ந்து பனங்கூடலுக்குள் விழுந்தது. நாலைந்து பனைகள் பற்றி எரிந்தன.

படம் எடுக்க வந்தவர் படம் எடுத்தார்.

விமானி தெற்கிலிருந்து வந்த ஒரு இளம் பெடியன். அவனுடைய பெயரை ஊரில் ஒருவருக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அவனையும் தயாபரனையும் பக்கத்தில் பக்கத்தில் கிடத்தி, பிரேத பரிசோதனைக்கு அதே பழைய படகில் கொண்டுபோனார்கள். நடுக்கடலில் எஞ்சின் நின்றது. மனோகரி மடியில் பையை வைத்துக்கொண்டு இருந்தாள். எஞ்சின் மறுபடி வேலை செய்யத் தொடங்கியபோதும் அப்படியே இருந்தாள். மடித்த சாரம் பைக்குள்ளேயே கிடந்தது. தயாபரனைத் திரும்பக் கொண்டுவந்தபோது வேட்டி கட்டியிருந்தார்கள். பிளாஸ்ரரை வெட்டி எடுத்திருந்தபடியால் வேட்டி கட்டக் கூடியதாக இருந்தது.

சாம்பல் அள்ளிக் காடாத்து முடிந்த கிழமை விசாரணைக் குழு வந்தது. விமானத்தில் வருவது இப்போதைக்கு உசிதமில்லை என்று குழுவின் மூன்று பேரும் படகில் வந்தார்கள். வாடைக் கடல். மூன்று பேரும் படகோரத்தில் குனிந்து சத்தி எடுத்தார்கள். அதனால் முதல் நாள் அமர்வு, உறுப்பினர்களின் உடல்நிலை சீராகும்வரை ஒத்திவைக்கப்படுவதாக அறிவிக்கப்பட்டது. இரண்டாம் நாள் பாடசாலை மண்டபத்தில் கதிரை போட்டார்கள். மூன்றும் ஒரே உயரமாக இருந்ததால் தலைவர் யார் என்று சாட்சிகளுக்கு எப்படித் தெரியும் என்ற கேள்வி எழுந்தது. அதிபரின் கதிரை கொண்டுவரப்பட்ட பிறகு விசாரணை தொடங்கியது.

முதல் சாட்சி கோபிசங்கர். அலுவலகத்தில் எல்லாம் ஒழுங்காக இருந்ததாக எழும்பி நின்று சொன்னார். எவ்வளவு ஒழுங்காக இருந்தது என்று தலைவர் கேட்டார். திறந்து வைக்கப்பட்ட நாளில் இருந்தது போலவே என்று அவர் சொன்னார். குழு திருப்தியடைந்தது.

பிறகு மனோகரியைக் கூப்பிட்டார்கள்.

"உம்மட கணவருக்கு எந்தக் காலில பிளாஸ்ரர்?" என்று கேட்டார் தலைவர்.

"இடது கால்."

"விமானம் எந்தப் பக்கம் சாய்ஞ்சது?"

"இடப்பக்கம்."

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் பேனையைத் திறந்தார்.

"ஐயா, அந்தக் காற்றுப்பையை நான்தான் தைச்சனான். விழாவுக்கெண்டு சலாகை வைச்சு, கம்பியால கட்டினவை. பிறகு அவிழ்க்கேல்லை. காற்று மாறின பிறகும் அது பழைய பக்கத்தைத்தான் காட்டினது."

"பொறும். காற்றுப்பை எந்தப் பக்கம் பாக்க வேணுமெண்டு உமக்குச் சொன்னவை?"

"மேடைப் பக்கம்."

"விபத்து நடந்த அண்டைக்கு எந்தப் பக்கம் பாத்தது?"

"மேடை இருந்த பக்கம்தான்."

"அப்ப காற்றுப்பை சரியாத்தான் இருந்திருக்கு. காற்றுத்தான் பிழையான பக்கத்தால வந்திருக்கு." தலைவர் அதை எழுதச் சொன்னார். எழுதுகிறவர் எழுதி முடியும்வரை மனோகரி நின்றாள்.

"இனி அதை அவிழ்த்து விடலாமோ ஐயா?"

"அது சான்றுப் பொருள். சான்றுப் பொருளை ஒருத்தரும் தொடக் கூடாது. இதைக் குழு உத்தரவாப் போடுது."

கம்பத்தைச் சுற்றிக் கயிறு கட்டி, தொடாதே என்று பலகை மாட்டினார்கள். நிரோஜனுக்கு ஒரு கதிரை கொடுத்து அதன் கீழே இருத்தினார்கள். ஆனால் ஆகாயச் சேவையை நிறுத்துவது மக்களின் நம்பிக்கையைக் கெடுக்கும் என்றும் குழு கருதியது. ஆகவே நம்பிக்கைப் பறப்பு ஒன்று நடத்தி, அந்த மேடையிலேயே அறிக்கையை வாசிப்பது என்று முடிவாயிற்று. நாள் குறிக்கும்போது கோபிசங்கர் ஒரு யோசனை சொன்னார். தயாபரனின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி அன்று வைத்தால், ஐயரும் அதிகாரிகளும் ஒரே படகில் வந்து போகலாம்.

நம்பிக்கைப் பறப்பில் குழுவினர் ஏறுவதாக இல்லை. பாதிக்கப்படும் தரப்பு நீதிபதியாக இருக்க முடியாது என்று தலைவர் விளக்கினார். ஊரில் பிரசவம் பார்க்கிற குடும்ப நல மாது துஷாந்தி தெரிவு செய்யப்பட்டாள். மனோகரிக்கு அடுத்த வளவு. தயாபரன் செத்த நாளிலிருந்து ஒவ்வொரு பின்னேரமும் தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுவந்து, மனோகரி குடித்து முடியும்வரை பக்கத்தில் இருப்பவள்.

"அக்கா, எனக்குக் கடிதம் வந்திருக்கு. யாழ்ப்பாணத்தில ஏறி இஞ்ச இறங்க வேணுமாம்."

"போகாத துஷா."

"போகாட்டி விளக்கம் கேப்பினமாம். சீருடையில வரட்டாம், நம்பிக்கை கூடுமாம்." துஷாந்தி சிரித்துப் பார்த்தாள். சிரிப்பு முகத்தில் நிற்கவில்லை. "எனக்கொண்டும் பிளாஸ்ரர் இல்லைத்தானே. பிறகென்ன பயம்."

மனோகரி தேத்தண்ணியைக் கீழே வைத்தாள். வேலியோலை வாடையில் சரசரத்துக்கொண்டிருந்தது. அவளுக்கு அழுகை வரவில்லை. இத்தனை நாளும் வரவில்லை. மெசின் பெட்டிக்குள் துணி வெட்டுகிற கத்திரிக்கோலும் ஒரு குறடும் கிடந்தது ஞாபகத்துக்கு வந்தது.

புதிய மேடை ஓடுபாதையின் வடகிழக்கு முனையில் போடப்பட்டது. பழைய இடத்தில் எரிந்த பனைகள் நின்றபடியால் படத்துக்கு நன்றாக இராது. மேடை இடம் மாறியதும் கோபிசங்கருக்குப் புதிய கவலை வந்தது. காற்றுப்பையின் வால் இப்போது மேடையைப் பார்த்தது. சான்றுப் பொருளைத் தொடவும் கூடாது, விருந்தினருக்குப் பின்பக்கத்தைக் காட்டவும் கூடாது. என்ன செய்யலாம் என்று தலைமை அலுவலகத்துக்கு எழுதினார். பதில் வரவில்லை. அவர் சாப்பிடவில்லை என்று நிரோஜன் சொன்னான்.

அந்தியேட்டிக்கு முதல் நாள், எல்லோரும் மேடைக்கு வாழை கட்டிக்கொண்டிருந்த நேரம், மனோகரி ஏணியோடு கம்பத்தடிக்குப் போனாள். நிரோஜன் கதிரையிலிருந்து எழும்பினான்.

"அக்கா, காற்றுப்பையை ஒருத்தரையும் தொட விடவேண்டாமெண்டு சொன்னவை."

"நான் பையைத் தொடேல்லை. கம்பியைத்தான் தொடப் போறன்."

நிரோஜன் பலகையை இன்னொரு முறை வாசித்தான். "கம்பியைப் பற்றி ஒண்டும் இல்லைத்தான்," என்றான். கம்பத்தையும் அவளையும் பார்த்தான். "அண்டைக்கு அதை முறுக்கினது நான்தான் அக்கா." ஏணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

அவள் கம்பியைக் குறட்டால் வெட்டினாள். பட்டிகளின் தையலைப் பிரித்துச் சலாகைகளை ஒவ்வொன்றாக உருவினாள். கடைசிச் சலாகை வெளியே வந்ததும் பை ஒருமுறை தொய்ந்தது. பிறகு வளையம் கிறீச்சிட்டுச் சுழன்றது. வாடை உள்ளே புகுந்து பை நிறைந்தது. அவள் தைத்த இரட்டைத் தையல் நெடுகத் தெரிந்தது. சலாகைகளைச் சேலைத் துண்டொன்றில் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் காலை கோபிசங்கர் வந்து கம்பத்தைப் பார்த்தார். வாய் மேடையைப் பார்த்தபடி, பை விறைப்பாக நின்றது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மீண்டும் பார்த்தார்.

"தலைமை அலுவலகம் நடவடிக்கை எடுத்திட்டுது," என்று நிரோஜனிடம் சொன்னார். "சத்தம் போடாமல் செய்யிறவை. அதுதான் நிருவாகம்." அன்று காலை வயிறு நிறையச் சாப்பிட்டார்.

மனோகரி விடியவே கடற்கரையில் ஐயரோடு செய்ய வேண்டியதைச் செய்து, படையலுக்கு உலையை வைத்துச் சமையலையும் ஒப்பேற்றிவிட்டு வந்திருந்தாள். பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கென்று முன்வரிசையில் ஒரு கதிரை போட்டிருந்தார்கள். அதில் இருந்தாள். பக்கத்துக் கதிரை துஷாந்திக்கு. விமானத்தின் சத்தம் கேட்டபோது மனோகரி அண்ணாந்து பார்க்கவில்லை. தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சத்தம் ஒருமுறை ஊரைச் சுற்றியது. வடகிழக்குப் பக்கம் போகவில்லை. தென்மேற்கே போய்த் திரும்பி, எரிந்த பனைகளுக்கு மேலால், வாடைக்கு முகத்தைக் கொடுத்தபடி வந்தது. மெதுவாகத்தான் வந்தது. சக்கரம் தாரைத் தொடுகிற சத்தம் கேட்டது. அதற்குப் பிறகுதான் அவள் நிமிர்ந்தாள்.

விமானம் நேரே மேடையை நோக்கி ஓடிவந்து நின்றது.

"மேடையைப் பாத்தே இறங்குது. என்ன மரியாதை," என்றார் கோபிசங்கர்.

துஷாந்தி வெள்ளைச் சீருடையோடு இறங்கிவந்து மாலையை வாங்கிக்கொண்டு பக்கத்தில் இருந்தாள். மனோகரியின் காதோடு சொன்னாள்.

"அக்கா, விமானி முதல் மற்றப் பக்கத்தாலதான் இறங்குறதெண்டு சொன்னவர். பிறகு உங்கட காற்சட்டையைக் கண்டிட்டு, இஞ்சாலதான் காற்றெண்டு சுத்தி வந்தவர்."

"ஓம்," என்றாள் மனோகரி.

தலைவர் அறிக்கையை வாசிக்கத் தொடங்கினார். விபத்துக்கு ஓடுபாதை காரணமல்ல. சபை காரணமல்ல. காற்றுப்பை உரிய மரியாதையோடு உரிய பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. பயணியின் இடது காலில் இருந்த பிளாஸ்ரரின் பாரத்தால் விமானம் இடப்பக்கம் சாய்ந்தது. பயணி தன் கால் முறியாதபடி நடந்திருந்தால் இந்தத் துயரம் நேர்ந்திராது. இன்று அதே ஓடுபாதையில் விமானம் பத்திரமாக இறங்கியிருக்கிறது. இன்று வந்த பயணியின் இரண்டு கால்களும் நலமாக இருப்பதைச் சபையோர் கவனிக்க வேண்டும்.

சபையோர் துஷாந்தியின் கால்களைக் கவனித்தார்கள். துஷாந்தி கால்களைக் கதிரைக்குக் கீழே இழுத்துக்கொண்டாள். யாரோ கைதட்டினார்கள்.

தயாபரன் இதைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பான் என்று மனோகரி யோசித்தாள். ஒன்றும் வரவில்லை. அவனுடைய பகிடி எப்போதும் அவளுக்கு முன்கூட்டித் தெரியாது.

அந்த நேரம் வாடை விழுந்தது. வாழையிலை அசைவது நின்றது. கம்பத்து உச்சியில் பை மெல்லச் சுருங்கி, கீழே தொங்கியது. தலைவர் வாசிப்பை நிறுத்தி அண்ணாந்து பார்த்தார். மேடையிலிருந்த எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். கோபிசங்கர் குனிந்தபடி முன்வரிசைக்கு ஓடிவந்தார்.

"தங்கச்சி, இதென்ன, தொங்குது."

"காற்று இல்லை சேர்."

"அதுக்குள்ள வைச்ச சலாகை எங்க?"

"அடுப்பில வைச்சிட்டன்."

"அது சான்றுப் பொருளெல்லோ."

"ஓம் சேர்," என்றாள் மனோகரி. "அவருக்குச் சோறு அதிலதான் வெந்தது." கதிரையிலிருந்து எழும்பினாள். வீட்டில் அந்த நீலக்கோட்டுச் சாரத்தை இன்னும் படையலில் எடுத்து வைக்கவில்லை.